முழு உருவமா, சிறு துண்டா? பி செல்லும் டி செல்லும்

சென்ற மழைக்காலத்தில், சைதாப்பேட்டையில் என் மகளுக்கு, காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ தோல் பரிசோதனை செய்தார்கள். முன்கையில் ஊசி போட்டு, பேனாவால் வட்டமிட்டு, "ரெண்டு நாள் கழித்து வாருங்கள்" என்றார் செவிலியர். மூன்றாம் நாள் காலை அந்த வட்டத்துக்குள் தோல் தடித்துச் சிவந்திருந்தது. அது டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் வேலை. அதற்கு முன் டெங்கு வந்தபோது அவள் ரத்தத்தில் தேடிய ஐஜிஎம் என்னும் எதிர்பொருளோ (கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம்), இன்னொரு வகை வெள்ளணுக்களான பி செல்களிடமிருந்து வருவது.

பி செல் எதிரியை முழு உருவத்தோடு பார்க்கிறது. வைரஸின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் வளைவைத் தன் ஏற்பியால் நேரடியாகப் பற்றிக்கொள்ளும். புரதமோ சர்க்கரையோ, எதுவானாலும் சரி.

டி செல்லுக்கு அது போதாது. வேறொரு செல் அந்தப் புரதத்தை நறுக்கி, எம்எச்சி என்னும் தாங்கியில் வைத்து நீட்ட வேண்டும். கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் வகை டி செல்லுக்குக் காட்டப்படும் துண்டு பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள்தான்! துண்டையும் தாங்கியையும் சேர்த்தே அது படிக்கிறது. இதைக் கண்டறிந்த பீட்டர் டோஹெர்ட்டியும் ரால்ஃப் சிங்கர்நாகலும் 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

என் வியப்பெல்லாம் டி செல் மீதுதான். செல்லுக்குள் பதுங்கிய கிருமியை எதிர்பொருள் எட்டுவது கடினம். காசநோய்க் கிருமி, கிருமிகளை விழுங்கும் நம் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே காட்டிக்கொடுப்பது அந்தச் சிறு துண்டுதான். பெரும்பாலான புரதங்களுக்கு எதிராக பி செல் முழு வேகம் பிடிக்கவும் டி செல்லின் துணை வேண்டும்.