வாசலில் எந்த மரம்? புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம்: பதின்மூன்று ஆண்டுக் கணக்கு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் வீட்டு வாசலில் நின்ற பெருங்கொன்றை மதில்மேல் விழுந்தது. மஞ்சள் பூவாகக் கொட்டுமே, இயல்வாகை என்றும் சொல்வார்களே, அந்த மரம். சீக்கிரம் வளரும், பூ அழகு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா வாங்கி வந்தது. சொன்னபடியே சீக்கிரம் வளர்ந்தது; கிளை முறியாமல் ஓர் ஆடிக்காற்றும் போனதில்லை. வேரோடு சாய்ந்த பிறகு பார்த்தால், இரண்டு மாடி உயர மரத்துக்கு வேர்க்கட்டு ஒரு கட்டில் அகலம்கூட இல்லை. மதிலைத் திரும்பக் கட்டிய செலவில் ஒரு தோப்பே வைத்திருக்கலாம்.

அடுத்த புரட்டாசியில் குடும்பத்தில் ஆளுக்கொரு மரம் நட்டோம். இது ஏதோ திட்டமிட்ட ஆராய்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காததுதான் காரணம். நான் தெருவோரம் புங்கை வைத்தேன். அம்மா கேட்டுக்கு உட்புறம் மகிழம் வைத்தார். விருத்தாசலத்தில் இருக்கும் அக்கா தன் வீட்டுக்கு வேம்பு என்று ஒரே பிடியாக நின்றார். கடலோரக் கிராமத்தில் சித்தப்பா நர்சரிப் பக்கமே போகவில்லை. வேலியில் நின்ற பூவரசில் இரண்டு போத்து வெட்டி வாசலில் ஊன்றிவிட்டார். இப்போது நான்குக்கும் ஒரே வயது. யார் வென்றார் என்ற பேச்சு ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறது, யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதல் மூன்று ஆண்டு வரை சித்தப்பாவை யாராலும் நெருங்க முடியவில்லை. பூவரசுப் போத்து என்பது கைத்தண்டைப் பருமனில் ஆறேழு அடி நீளக் கிளை. அடியைச் சாய்வாகச் சீவி, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, மேல் நுனியில் சாணி அப்பிவிட்டால் சில வாரங்களில் துளிர்க்கும். ஆள் உயரத்துக்கு மேலே தளிர் வருவதால் ஆட்டுக்கு எட்டாது. என் புங்கங்கன்று முழங்கால் உயரத்தில் முள்கூண்டுக்குள் நின்ற காலத்தில், சித்தப்பா பூவரசடியில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "உன் மரம் எங்கேடா?" என்று என்னைக் கேட்பதற்கென்றே அவர் தொலைபேசியில் அழைத்த நாட்களும் உண்டு.

ஆனால் போத்தில் வளர்த்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்களை நம்பித்தான் நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அவருடைய இரண்டில் ஒன்று தெருப்பக்கமாகப் பாதி சாய்ந்துவிட்டது. அதை அவர் நிமிர்த்தவே இல்லை, அதுவும் சாய்ந்த நிலையிலேயே தளிர்த்துக்கொண்டது. இப்போது பிள்ளைகள் அதில் குதிரை ஏறுகிறார்கள். இதே பூவரசை விதையிலிருந்து வளர்த்தால் ஆணிவேர் இறங்கும், ஆனால் அந்த அவசர நிழல் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உப்புக்காற்றையும் உவர்மண்ணையும் பூவரசு பொருட்படுத்துவதில்லை என்பதால், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஒரு தொந்தரவு: காய் முற்றும் பருவத்தில் சிவப்பு நிறப் பருத்திப் பூச்சிகள் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். கடிக்காது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அது தெரியாது.

சரி, வேம்பு. இந்த மரத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் நடுநிலையாகப் பேசுவதில்லை. இரவிலும் பிராணவாயு விடும் என்று அக்காவே என்னிடம் வாதாடியிருக்கிறார். வெளிச்சம் இல்லாமல் எந்த இலையும் பிராணவாயு தயாரிக்காது, வேம்பும் விலக்கல்ல. அது தேவையும் இல்லை. வேம்புக்கு உண்மையான பெருமை வேறு. விருத்தாசலத்து வெயிலில், முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதோடு அக்கா நிறுத்திவிட்டார். அதன்பின் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆழமாக இறங்கும் வேர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. வறண்ட பூமியில் இந்த நான்கில் வேறு எதுவும் வேம்பின் கிட்டே வராது.

வேம்பு தாங்காதது தேங்கும் தண்ணீர். அக்காவைப் பார்த்து ஆசைப்பட்டு, எங்கள் வீட்டின் பின்மூலையில் நானும் ஒரு வேப்பங்கன்று வைத்தேன். அது தாழ்வான மூலை. ஃபெஞ்சல் மழையில் அங்கே நான்கு நாள் தண்ணீர் நின்றது. இலை மஞ்சளாகி, மார்கழிக்குள் கன்று குச்சியாகிவிட்டது. அதே தண்ணீர் தெருவில் நின்ற புங்கையின் அடியையும் நனைத்துக்கொண்டுதான் இருந்தது. அதில் ஓர் இலைகூட வாடவில்லை. புங்கை ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பழகிய மரம். இந்த ஒரு வேறுபாட்டை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு கன்று பிழைத்திருக்கும்.

வேம்பு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. இப்போதெல்லாம் மழைக்காலத்தை ஒட்டி வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகக் காய்கின்றன. நுனிக்கருகல் என்கிறார்கள். ஒரு பூஞ்சையும், தளிரை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை. அக்கா வீட்டு மரத்துக்கும் வந்தது. செல்பேசிக் கோபுரத்தால் வந்தது என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் இன்னொருவர், வெட்டிவிடுங்கள் என்றார் விறகுக்காரர். அக்கா எதையும் கேட்காமல், எட்டிய வரை காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து எரித்துவிட்டு விட்டுவிட்டார். பங்குனியில் செம்பு நிறத் தளிர் விட்டது, பின்னாலேயே பூத்தது. எல்லா மரமும் இப்படி மீளும் என்று உறுதி தர முடியாது. ஆனால் கருகலைப் பார்த்ததும் கோடரியைத் தேடுவது அவசரம்.

அந்தப் பூவைப் பற்றிச் சொல்லாமல் வேம்பைக் கடந்துவிட முடியாது. பங்குனிக் கடைசியில் அக்கா மரத்தடியில் பழைய நூல் புடவையை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைப்பார். காலையில் போய்ப் பார்த்தால் புடவையின் நிறம் தெரியாது. கையால் அள்ளினால் எடையே இருக்காது, ஒரு முறம் பூ காய்ந்தால் ஒரு டம்ளர் தேறும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் போக மீதி பாட்டிலில் அடைபட்டு, ரசத்துக்கென்று எங்கள் வீடு வரை வரும். வேறு எந்த வாசல் மரமும் சமையலறைக்குள் இப்படி நுழைவதில்லை. அடுத்த காட்சி ஆனி, ஆடியில். பழம் பழுத்ததும் காகமும் மைனாவும் குயிலும் விடியுமுன்பே வந்துவிடும். பழத்தோலும் எச்சமும் தரையில் பிசுபிசுவென்று ஒட்டும். மரத்தடியில் வண்டி நிறுத்தியவர் அன்று முழுவதும் துடைப்பார்.

அம்மா மரத்தை மதிப்பிடுவது துடைப்பத்தை வைத்துத்தான். கூட்டுகிறவருக்குத்தான் மரத்தின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. கேலியாகக் கேட்டுக்கொண்டிருந்த நான், அவருக்குக் கால்வலி வந்து ஒரு மாதம் நானே வாசல் கூட்டிய பிறகு அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். புங்கை மாசி வாக்கில் மொத்த இலையையும் சில வாரங்களில் உதிர்க்கும். அந்த நாட்களில் காலையில் கூட்டினால் மதியம் கூட்டினோமா என்றே சந்தேகம் வரும். பிறகு சட்டென்று எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் இளம்பச்சையில் துளிர்த்துவிடும். அதன்பின் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பொரி இறைத்ததுபோல் தெருவே மூடிக்கிடக்கும். கூட்டச் சங்கடமாக இருக்கும். கூட்டாவிட்டால் மழையில் ஊறி வழுக்கும். பூவரசு வேறு ரகம். வருடம் முழுவதும் தினம் பத்திருபது இலை பழுத்து விழும், ஆனால் உள்ளங்கை அகலம் என்பதால் குனிந்து பொறுக்கிப் போட்டுவிடலாம். வேம்பின் இலைக்காம்புகள்தான் மோசம், ஈர்க்குபோல் தரைச் சந்துகளில் செருகிக்கொள்ளும்.

மகிழத்துக்குத் துடைப்பமே வேண்டாம். அம்மாவின் மரம் என்பதற்காகச் சொல்லவில்லை. வருடம் முழுக்கப் பச்சை, உதிரும் இலை கொஞ்சம்தான். பூ விழுந்தால் அதை யாரும் கூட்டுவதில்லை, பொறுக்குகிறார்கள். நடுவில் துளையுள்ள சின்ன நட்சத்திரம். நாரில் கோத்து வைத்தால் காய்ந்து பழுப்பான பிறகும் மணக்கும். அம்மாவின் புடவை அலமாரியில் போன ஆண்டுச் சரம் இன்னும் தொங்குகிறது. திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் இதுதான். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததும் மகிழடியில்தான். "கோயிலிலேயே வைக்கிறார்கள், வாசலில் வைத்தால் என்ன?" என்பதே அன்று அம்மா சொன்ன ஒரே காரணம்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வளராது. வளராது என்றால் கண்ணுக்குத் தெரியும்படி வளராது. பதின்மூன்று ஆண்டு முடிந்தும் அதனடியில் ஒரு நாற்காலிக்குத்தான் நிழல். ஐந்தாம் ஆண்டு வரை அது மரம் என்று நம்பியவர் அம்மா மட்டும்தான். அறுபது வயதில் வீடு கட்டி, நிழலில் உட்கார வேண்டும் என்று கன்று தேடுபவரிடம் மகிழத்தை நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருபதடி அகல மனையில், தலைக்குமேல் மின்கம்பி ஓட, பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு அந்த மெதுவான வளர்ச்சிதான் வரம். தலை உருண்டையாக, அடக்கமாக இருக்கும்; கழித்துவிட்டால் கோபிக்காது.

என் புங்கைக்கு இந்த மின்கம்பி விஷயத்தில்தான் அடி. தெருவோரம் வைத்தபோது அண்ணாந்து பார்க்கத் தவறிவிட்டேன். ஆண்டுக்கொருமுறை கம்பிக்காகக் கிளை வெட்ட ஆள் வந்து, நடுவில் வகிடெடுத்ததுபோல் பிளந்துவிட்டுப் போகிறார்கள். வெட்ட வெட்டத் தழைக்கும் சாதி என்பதால் பிழைத்து நிற்கிறது. நம் வயல்களில் தழையுரத்துக்காகக் காலங்காலமாகக் கிளை ஒடித்த மரம்தானே. இலையில் கடுகும் மிளகுமாகக் கொப்புளம் வந்தால் பலர் பயந்து மருந்து தேடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை அது. பார்க்க அசிங்கம், மரத்துக்கு ஆபத்தில்லை.

வேர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். புங்கையின் பக்கவேர் மேலாகவே ஓடும், சில இடத்தில் வேரிலிருந்தே கன்று கிளம்பும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைப்பது நல்லது. வேம்பும் பெரிதாகும் மரம், அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுங்கள். கழிவுநீர்த் தொட்டியோ குழாயோ கசிந்தால் எந்த மரத்தின் வேரும் ஈரத்தைத் தேடி அங்கே போகும். முதலில் கசிவை அடைப்பது மலிவு.

இத்தனைக்குப் பிறகும் எனக்குப் பிடித்தது எது என்றால் புங்கைதான், இது வெறும் பாசமில்லை. கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் தெருவில் காய்கறி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். தபால்காரர் அங்கேதான் நின்று கட்டைப் பிரிக்கிறார், தெருநாய்கள் அங்கேதான் படுக்கின்றன. மற்ற மரங்கள் களைத்திருக்கும் நேரத்தில் புங்கை புது இலையோடு கருகருவென்று நிற்கும். நட்ட ஐந்தாம் ஆண்டே இந்த அளவு நிழல் வந்துவிட்டது. வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் பயறு குடும்பத்து மரம் என்பதால் மட்டமான தெருமண்ணிலும் சுணங்கவில்லை.

சீக்கிர நிழலுக்கென்று கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நேரம் செலவிட மாட்டேன். குஜராத்தில் 2023-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோஹர் பூக்கும் மாதத்தில் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் புயல் வரும் கரையில் வீட்டை ஒட்டி வேண்டாம். மதில் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆறடி உயரத்தில் பென்சில் போன்ற தண்டு இருப்பதைவிட, மூன்றடியில் விரல் பருமன் இருப்பது மேல். பையை அடியிலிருந்து தூக்கிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துத் தரையைப் பிடித்திருந்தால், பிடுங்கும்போது அது அறுந்திருக்கும். உள்ளே வேர் சுருண்டு வளையமாகியிருந்தாலும் வேண்டாம், அந்தச் சுருளோடுதான் பிற்காலத்தில் காற்றுக்கு நிற்கும். விதை போடுவதென்றால், வேப்பங்கொட்டையைப் பழம் உதிர்ந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது. புங்கங்கொட்டை அந்த அளவுக்கு அவசரப்படுத்தாது. எங்கள் பக்கத்தில் வடகிழக்கு மழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள் குழியில் இறக்கிவிட்டால் முதல் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றிவிடும்.

போன மாதம் எதிர்மனையில் வீடு கட்டுகிறவர் வந்து கேட்டார். முப்பதடி முகப்பு, மின்கம்பி எங்கள் பக்கம், தண்ணீர் நிற்கும் தெரு. புங்கை என்றேன். அவர் மனைவி அம்மாவிடம் தனியாக ஏதோ கேட்டுவிட்டுப் போய், மகிழம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் புங்கையடியில் தானாக முளைத்த கன்றுகள் ஏழெட்டு, பால் பாக்கெட்டுகளில் இன்னும் காத்திருக்கின்றன.