இலவசக் கதை வகுப்புகளோடு ஐந்து வருடம்: கொடுத்ததும் கெடுத்ததும்

தோழியின் மகள் இந்த வருடம்தான் கல்லூரி முடித்தாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், “அத்தை, காசு கட்டாம கதை எழுதக் கத்துக்க ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். நிறையவே இருக்கிறது. 2020 ஊரடங்கில் பார்க்க ஆரம்பித்தவற்றை நான் இன்னும் விடவில்லை. அவளுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் அதிகம் புழங்கியது மூன்று. அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன், யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் எடுத்த வகுப்புகள் முதலாவது. 2020ஆம் ஆண்டுப் பாடம் முழுக்க யூடியூபில் கிடக்கிறது. அவரும் நண்பர்களும் 2008இல் தொடங்கிய ‘ரைட்டிங் எக்ஸ்கியூசஸ்’ பாட்காஸ்ட் இரண்டாவது. கொஞ்ச நேரம் கேட்டால் முடிவில் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளத்தில், அனிமேஷன் படம் எடுக்கும் பிக்சார்காரர்கள் நடத்தும் கதைசொல்லல் பாடம் மூன்றாவது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், பெரியவர்களுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சாண்டர்சன் வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அவர் எடுக்காத ஒரு வகுப்பைத்தான். சிறுகதைக்கு என்று மேரி ராபினெட் கோவால் என்ற எழுத்தாளர் வந்து பேசுகிறார். அவர் பொம்மலாட்டக் கலைஞரும்கூட. கதைக்குள் ஓடும் இழைகளை இடம், கேள்வி, மனிதர், நிகழ்வு என்று நான்காகப் பிரித்துக்கொள்கிறார். ஓர் இழை எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியில் திறந்ததை முதலில் மூட வேண்டும். அடுக்குப் பாத்திரத்தை மூடுவதுபோல, உள்ளே இருப்பதற்கு முதலில் மூடி.

அப்போது என்னிடம் முடியவே மாட்டேன் என்று அடம்பிடித்த கதை ஒன்று இருந்தது. ஒரு பெண்ணின் தோடு காணாமல் போகிறது. அவள் ஆச்சி வீட்டுக்கு, சங்கரன்கோவிலுக்குப் போகிறாள். அங்கே தோடு கிடைக்கிறது. பிறகு திரும்பிவரும் பஸ் பயணம் நாலு பக்கம். படித்தவர்கள் எல்லோரும் அந்த நாலு பக்கத்தில்தான் கதையைக் கீழே வைத்தார்கள். அழகான வர்ணனை, ஏன் இழுக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வகுப்பைப் பார்த்ததும் புரிந்தது. முதலில் திறந்தது கேள்வி, அதற்குள் திறந்தது இடம். நான் கேள்வியை முதலில் மூடிவிட்டேன். அதன்பின் படிக்கிறவருக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. அவளை வெறுங்கையோடு பஸ் ஏற்றினேன். திருவேங்கடம் தாண்டியதும் ஆச்சி கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், உள்ளே தோடு. ஒரு வர்ணனையையும் வெட்டவில்லை. கதை நிமிர்ந்து நின்றுவிட்டது. அந்த ஒரு வகுப்புக்காக நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

இனி என் கோபம். இந்த வழிகாட்டிகள் கதையைப் பற்றிப் பேசும்வரை சரி. வாக்கியத்துக்கு வந்தால் அங்கே இருப்பது ஆங்கிலம் மட்டும்தான், அதை யாரும் சொல்வதில்லை. வினையடையை வெட்டு, உரையாடலுக்கு ‘சொன்னான்’ தவிர வேறு வினை வேண்டாம், யார் பேசுகிறார் என்று தெளிவாகக் காட்டு. ஒரு வருடம் நான் இதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொண்டு தமிழில் எழுதினேன். ஒரு சிற்றிதழ் ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பி, “இது மொழிபெயர்ப்பா?” என்று ஒரே வரி கேட்டிருந்தார். அந்த வரி நாள் கணக்கில் வலித்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். இப்படி எழுதியிருந்தேன்:

“மகேஸ்வரி கதவைத் திறந்தாள். அவள் அவளுடைய அம்மாவைப் பார்த்தாள். அவள் அவளுடைய கைகள் நடுங்குவதை உணர்ந்தாள்.”

யாருடைய கை? இப்போது அது இப்படி இருக்கிறது:

“மகேஸ்வரி கதவைத் திறந்தாள். அம்மா. தன் கை நடுங்குவது தெரிந்துவிடக் கூடாது என்று முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.”

‘தன்’ என்ற ஒரு சொல் போதும், நாம் மகேஸ்வரிக்குள் இருக்கிறோம். பார்வைக்கோணம் பற்றி மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன், இதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கதைசொல்லி ஓர் ஆளை ‘வந்தார்’ என்கிறாரா ‘வந்தான்’ என்கிறாரா என்பதிலேயே யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது வந்துவிடுகிறது. பெயரே இல்லாமல் ‘அவர் வந்துவிட்டார்’ என்றால் பெரும்பாலும் மனைவியின் மனசு. அதே ஆள் கடன் கொடுத்தவருக்கு ‘வந்தான்’. விகுதியில் நடக்கும் இந்த வேலைக்கு ஒரு பாடம் வேண்டாமா? உரையாடலில் நெல்லைப் பேச்சும் விவரிப்பில் எழுத்துத் தமிழுமாக எழுதுகிறோமே, இரண்டும் உரசும் இடத்தில் என்ன செய்வது என்று யார் சொல்லித்தருவார்கள்?

சொல் கணக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் அறிவியல் புனைகதைக்கும் மிகைபுனைவுக்கும் கொடுக்கும் நெபுலா விருதின் கணக்கில் 7,500 சொல்லுக்குள் இருந்தால் சிறுகதை. நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதும் நானோரைமோ என்ற இணையச் சவாலில் (அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது) நாளுக்கு 1,667 எழுத வேண்டியிருந்தது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் ஐந்தாறு ஆகும். அந்தக் கணக்கைத் துரத்தி ஒரு நவம்பர் முழுக்கத் தூக்கம் கெட்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

பதிப்புத் தொழில் பற்றிய பாடங்களைத் தாண்டிப் போய்விடலாம். எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசும் ஏஜென்ட், நியூயார்க் பதிப்பகம் என்று போகிறது. நம் பக்கம் கதை முதலில் பத்திரிகையில் வரும், அப்புறம் பதிப்பாளர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. வழியே வேறு.

இவ்வளவு திட்டிவிட்டு, பாட்காஸ்டை இன்றும் சமைக்கும்போது கேட்கிறேன். அதன் வீட்டுப்பாடங்களில் பிறந்த இரண்டு கதைகள் அச்சாகியிருக்கின்றன. அதையும் சொல்லாவிட்டால் அநியாயம்.

ஆனாலும் தோழியின் மகளிடம் இந்த வருடம் எதையும் பார்க்காதே என்றுதான் சொன்னேன். தாத்தாவின் சைக்கிள் கடையைப் பற்றி முதலில் பத்துப் பக்கம் எழுது, வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இன்று காலை செல்லில் ஆறு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பஞ்சர் ஒட்டும்போது தாத்தா டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் மருமகளைப் பற்றிப் பேசுகிறார். அடியில் ஒரு கேள்வி: “இதை எங்க முடிக்கணும்னு தெரியல அத்தை.”

அந்தச் சிறுகதை வகுப்பின் இணைப்பை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.