தண்ணீர் புகாத மலையேற்ற ஷூ: நிலத்தையும் சுமையையும் பார்த்து வாங்குவது எப்படி?

பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து மலையேறப் போகிறவர்களுக்கு முதலில் எட்டுவது நாகலாபுரமும் தடாவும்தான். செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக விடியற்காலையில் பைக்கில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நாகலாபுரம் மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். இரண்டு இடங்களிலும் பாதை ஓடையை ஒட்டியே போகிறது, பல இடங்களில் ஓடைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அதனாலோ என்னவோ, ஷூ வாங்கப் போகும் நம் பக்கத்துப் பிள்ளைகள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “வாட்டர்ப்ரூஃப் இருக்கா?” என்பதாக இருக்கிறது. கணுக்கால் வரை உயர்ந்த, உள்ளே தண்ணீர் தடுக்கும் சவ்வு வைத்த ஒரு ஜோடியையும், சவ்வு ஏதும் இல்லாத, வலைத்துணியால் ஆன தாழ்வான ஒரு ஜோடியையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தச் சவ்வுகளில் பெயர் பெற்றது கோர்டெக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பாப் கோர், டெஃப்லான் என்ற பெயரில் நாம் அறிந்த பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது அது அறுந்து போகாமல் நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டதிலிருந்து பிறந்தது அது. அந்தத் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறப் போதுமானவை. விளம்பரங்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடும். சவ்வுக்கு ஆவியைத் தானாக வெளியே தள்ளும் வேலை கிடையாது. ஷூவுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். பனிப் பிரதேசத்தின் குளிர்ந்த, உலர்ந்த காற்றில் அந்த வேறுபாடு தாராளமாக இருக்கிறது. புரட்டாசி மாதத்தில், காற்றே ஈரத்துணிபோலக் கனத்திருக்கும் நம் பகுதியின் மலையில் அது கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரில் கால் வைக்காமல் மதியம் வரை நடந்துவிட்டு ஷூவைக் கழற்றினாலும், காலுறையைப் பிழியலாம்.

மேல்துணியின் மீது பூசியிருக்கும் நீர்விலக்குப் பூச்சும் இதில் கவனிக்க வேண்டியது. புது ஷூவின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். சேறும் உரசலும் சேர்ந்து அந்தப் பூச்சைத் தேய்த்த பிறகு, முன்விரல் மடியும் இடத்தில் துணி முதலில் கறுத்து நனையத் தொடங்கும். உள்ளே சவ்வு நன்றாகத்தான் இருக்கும், தண்ணீரும் உள்ளே வராது, ஆனால் நனைந்து கனத்த மேல்துணி ஆவியின் வழியை அடைத்துவிடுவதால் கால் புழுங்கிப்போகும். ஷூ ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நீர்விலக்கு ஸ்ப்ரே ஒன்றை வாங்கி, ஷூவைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதோ காய்ந்த பிறகோ, டப்பாவில் சொன்னபடி அடித்தால் நிலைமை ஓரளவு திரும்பும்.

ஓடை நடையில் சவ்வு உதவுவதில்லை என்பது மட்டுமல்ல, கேடாகவும் முடிகிறது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டிய கணத்தில் அது மேல்வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. வெளித்தண்ணீரை உள்ளே விடாத அதே சவ்வு, இப்போது உள்தண்ணீரை வெளியே விடாது. நாகலாபுரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரைக் கடந்து பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கவிழ்த்தால், கலங்கல் தண்ணீரும் குறுமணலும் கொட்டும். ஷூ நாக்கின் அடியில் தங்கிய மணலை விரலை விட்டுத்தான் வழிக்க வேண்டும். லேஸைக் கட்டி எழுந்து நடந்தால் உள்ளே சளக் சளக் என்ற சத்தம் சாயங்காலம் வரை நிற்காது. ஊறி வெளுத்த தோல்மீது குறுமணல் உரசக் கொப்புளம் கிளம்பும். இதே ஓடையை வலைத்துணி ஷூவோடு கடந்தால் ஏறிய தண்ணீர் பத்துப் பதினைந்து அடிகளில் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது, நடக்க நடக்கக் கால் வெறும் ஈரம் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே நாகலாபுரம், தடா போன்ற இடங்களுக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்க வேண்டாம் என்றே நண்பர்களிடம் சொல்லிவருகிறேன்.

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் கோடையை ஒட்டி நடப்பவர்களுக்குச் சவ்வு வெறும் சூடு. அங்கே தேவைப்படுவது முள் ஏறாத அடிப்பாகமும், கல்லில் இடித்தால் விரலைக் காக்கும் ரப்பர் முன்முகப்பும்தான்.

சவ்வு தன் விலையைத் திருப்பித் தருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில். கொழுக்குமலை, கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகளில் அதிகாலை நடையின்போது பனித்துளி படிந்த புல் ஒரு மணி நேரத்தில் சாதாரண ஷூவை முழுதாக நனைத்துவிடும். குளிரும் காற்றும் சேரும்போது நனைந்த கால் பெரிய தொல்லை. அங்கே தண்ணீர் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஷூவின் கழுத்தைத் தாண்டுவதில்லை. சேற்றுக்கும் இதே கணக்குதான். ஆனால் மழைக்காலத்துச் சோலைக்காட்டில் அட்டையைச் சவ்வு தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அட்டை ஷூவின் மேல் ஊர்ந்து கழுத்து வழியாக இறங்கும். அதற்கு முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைதான் வழி.

தண்ணீரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும் நாம் கேட்க மறப்பது, நனைந்த பாறையில் ஷூ பிடிக்குமா என்பதை. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் சரியான காலணி இல்லாமல் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அந்த இழப்புக்குப் பிறகு 1937இல் உருவாக்கிய ரப்பர் அடிப்பாகம்தான் இன்று மஞ்சள் முத்திரையோடு பல நிறுவனங்களின் ஷூக்களில் காணப்படும் விப்ரம். அதன் ஆழமான பற்கள் மண்ணையும் சேற்றையும் கவ்வுவதற்கானவை. பாசி படிந்த வழவழப்பான ஓடைப் பாறையில் பற்களின் ஆழத்தால் பெரிய பயன் இல்லை. ரப்பர் எவ்வளவு மென்மையானது, எவ்வளவு பரப்பு பாறையைத் தொடுகிறது என்பவையே காலை நிறுத்துகின்றன. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், கடினமானது நீண்ட நாள் உழைத்து ஈரப்பாறையில் சறுக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. விரல் நகத்தால் பல்லை அழுத்திப் பார்த்தால் இந்த வேறுபாடு கடையிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

சுமைக்கு வருகிறேன். தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் மழைக்கோட்டும் அடங்கிய ஐந்தாறு கிலோப் பைக்குத் தாழ்வான ஷூ தாராளமாகப் போதும். கூடாரம், தூக்கப்பை, பாத்திரம், மூன்று நாள் அரிசி பருப்பு என்று பதினைந்து கிலோவுக்கு மேல் ஏறும்போது நிலைமை மாறுகிறது. அப்போது ஒவ்வொரு கல்லின் முனையும் மெல்லிய அடிப்பாகத்தின் வழியே பாதத்தைக் குத்தும், இறக்கத்தில் பாதம் பக்கவாட்டில் வளையும். இந்த இடத்தில் பார்க்க வேண்டியது ஷூவின் உயரத்தைவிட அதன் விறைப்பை. ஒரு கையில் குதிகாலையும் மறுகையில் முன்பகுதியையும் பிடித்துத் துணி பிழிவதைப்போல முறுக்கிப் பார்க்க வேண்டும். எளிதாக முறுகினால் அது பகல்நேர நடைக்கான ஷூ. முறுக மறுத்தால் உள்ளே நைலான் தகடோ உலோகத் தகடோ இருக்கிறது, சுமை தாங்கும். உயரமான கழுத்து கணுக்கால் சுளுக்கைத் தடுத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். தொளதொளவென்ற உயரமான ஷூவைவிட, விறைப்பான அடிப்பாகமும் குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பும் கொண்ட சற்றுத் தாழ்வான ஷூ, சுமையோடு நடக்கையில் எனக்கு அதிக உறுதியைத் தந்திருக்கிறது.

அதே நேரத்தில், காலில் ஏறும் ஒரு கிலோ எடை, முதுகில் ஏறும் நான்கு முதல் ஆறு கிலோவுக்கு நிகரான சக்தியைத் தின்கிறது என்று நடையைப் பற்றிய ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று கனத்த தோல் பூட்ஸை வாங்கி, ஐந்து கிலோப் பையோடு நடப்பவர், முதுகில் மிச்சம் பிடித்ததைக் காலில் செலவழிக்கிறார்.

உத்தராகண்டின் கேதார்காந்தா போல 3,800 மீட்டர் உயரமுள்ள பனி மலைக்குக் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு என் பரிந்துரை சந்தேகமே இல்லாமல் சவ்வு வைத்த உயரமான ஷூதான். பனி உருகி ஒட்டும் இடத்தில் ஈரக்கால் ஆபத்து. ஆனால் அங்கேயும் ஷூவின் கழுத்திலிருந்து கெண்டைக்கால் வரை மூடும் கெய்ட்டர் என்ற உறை இல்லாவிட்டால், புதைபனி மேல்வழியாகவே உள்ளே வந்துவிடும். தடித்த காலுறைக்கு இடம் வேண்டும் என்பதால் அளவில் கொஞ்சம் தாராளமும் தேவை. காலுறை நெருக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடும்.

அளவு பார்க்கப் போவதென்றால் மாலையில் போக வேண்டும், நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போட்டுப் போகும் காலுறையையே எடுத்துச் செல்ல வேண்டும். நம் ஆட்களின் பாதம் பெரும்பாலும் முன்புறம் அகன்றது, ஐரோப்பிய அச்சில் செய்த ஷூக்கள் அந்த இடத்தில் நெரிக்கும். அப்போது ஒரு அளவு கூட்டி வாங்குவதைவிட அகல அச்சில் செய்த வேறு மாடலைத் தேடுவது நல்லது, நீளம் கூடினால் குதிகால் தூக்கும். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் கீழ்நோக்கி நின்று, லேஸை இறுக்கிக் கட்டிப் பாதத்தை முன்னால் தள்ளிப் பார்க்கவும். விரல்நுனி முகப்பில் இடித்தால், இரண்டாயிரம் அடி இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். பெரியமேட்டுக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியவை என்று சொல்லி நல்ல தோல் பூட்ஸ் மலிவாகக் கிடைப்பதுண்டு. தோல் விஷயத்தில் அவர்களை நம்பலாம், வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை மட்டும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, கழுத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிரம்பிய வாளியில் கால் மணி நேரம் வைத்தால் காகிதம் உண்மையைச் சொல்லிவிடும். வாங்கும் முன் அதற்கு எந்தக் கடைக்காரரும் ஒப்புவதில்லை என்பது வேறு விஷயம்.

நீண்ட காலப் பயன்பாட்டில் சென்னைவாசிகள் கவனிக்க வேண்டிய ஒன்றை மதிப்புரைகளில் அதிகம் பார்ப்பதில்லை. பாதத்துக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள மெத்தென்ற நடுச்சோல் இரண்டு வகை. ஈ.வி.ஏ. என்ற நுரை எடை குறைந்தது, சுமையில் நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் அமுங்காது, சுமைக்கு ஏற்றது; ஆனால் காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை மெல்லமெல்ல உடைத்துவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உடையும், சொல்லப்போனால் அப்போது இன்னும் விரைவாக. கடலை ஒட்டிய ஊரில், பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டுச் சில ஆண்டுகள் கழித்து எடுத்தால், மேல்பாகம் புதிதுபோல் இருக்கும், நடுச்சோல் ரொட்டித்தூளாக உதிரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மலைக்குப் போகிறவர் அதை இடையிடையே போட்டு நடப்பது நல்லது. நனைந்த ஷூவை மொட்டை மாடி வெயிலில் வைக்காமல், இன்சோலை உருவிவிட்டுக் காகிதம் திணித்து நிழலில் மின்விசிறிக்கு அடியில் காயவைக்க வேண்டும், வெயில் பசையை இளக்கிவிடுகிறது.

ஷூவின் பசை விட்டுப்போன அடிப்பாகத்தைப் பெரம்பூர் ரயில் நிலையத்தருகே சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். “ஒட்டினா மழைக்குப் பிரிஞ்சிடும் தம்பி, சுத்தி ஒரு தையல் போட்டாத்தான் நிக்கும்” என்றார். செருப்புக்கும் சாதாரண ஷூவுக்கும் அவர் சொல்வது முழுக்கச் சரி. சவ்வு வைத்த ஷூவில் மேல்பாகத்தைக் குத்திப் போடும் தையலின் ஒவ்வொரு துளையும் சவ்வையும் சேர்த்துக் குத்திவிடும், அதன் பிறகு அதை வாட்டர்ப்ரூஃப் என்று சொல்வதில் பொருள் இல்லை. பழைய பசையை உப்புத்தாளால் முழுதாகத் தேய்த்தெடுத்து, இரு பக்கமும் பாலியூரித்தேன் பசை பூசி, ஒரு இரவு முழுக்கக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்துத் தரச் சொன்னேன். “உங்க இஷ்டம் அண்ணே” என்று இறங்கி வந்தவர், தம்பியாக இருந்த என்னை அண்ணனாக்கிக் கூலியும் சற்றுக் கூட்டித்தான் வாங்கினார். அந்த ஒட்டு இன்னும் விடவில்லை.