மார்ஸ் 4.5: உதவியே உபத்திரவமாகும் ஒரு அசெம்ப்ளர்

மிப்ஸ் செயலியின் அசெம்ப்ளி மொழியைக் கற்க, அந்தச் செயலியைப் போல நடித்து நிரலை ஓட்டிக் காட்டும் மார்ஸை எடுத்தால் முதல் வாரம் சுகமாகப் போகும். இரண்டாம் வாரத்தில், எழுதிய கட்டளை ஒன்று, மெமரியில் உட்கார்ந்திருப்பது வேறொன்று என்பது தெரியவரும். மார்ஸோடு நீண்ட நாள் பழகினால் பிடிபடும் முக்கியமான விஷயம் அதுதான்: நிரலை ஓட்டும் சிமுலேட்டர் ஏமாற்றுவதில்லை, எழுதியதை இயந்திரக் கட்டளையாக மாற்றும்போது அளவுக்கு மீறி ஒத்தாசை செய்யும் அசெம்ப்ளர்தான் ஆளைக் குழப்புகிறது.

பீட் சாண்டர்சன், கென்னத் வோல்மர் இருவரும் ஜாவாவில் எழுதியது. எம்ஐடி உரிமம். 4.5 பதிப்பு 2014 ஆகஸ்டில் வந்தது. ஒரே ஜார் கோப்பு, நிறுவும் வேலை கிடையாது. மூலநிரலும் அந்த ஜாருக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் திரை வசதி இல்லாத 'ஹெட்லெஸ்' வகை ஜாவா மட்டும் இருந்தால் ஜன்னல் திறக்காது, கட்டளைவரிப் பயன்பாடு மட்டும் நடக்கும். அடர்த்தி கூடிய திரையில் எழுத்து எறும்பு அளவு தெரிந்தால் ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தையதற்கு மாறுங்கள். ஜாவா 8 வைத்துக்கொண்டு எழுத்துரு அளவோடு மல்லுக்கட்டுவது வீண்.

இனி விஷயத்துக்கு வருவோம். மிப்ஸ்-32இன் அடிப்படைக் கட்டளைகளில் 155 இதில் உண்டு. அவற்றின் மேல் ஏறத்தாழ 370 சூடோ கட்டளைகளும் (செயலியில் இல்லாதவை, அசெம்ப்ளர் அடிப்படைக் கட்டளைகளாக விரித்துத்தருபவை) வடிவ மாற்றங்களும். ஒரு முகவரியை ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) ஏற்ற 'எல்ஏ' என்று ஒரு வரி எழுதினால் இயல்பு மெமரி அமைப்பில் அது மேல் 16 பிட்டை வைக்கும் 'எல்யூஐ', கீழ் 16 பிட்டைச் சேர்க்கும் 'ஓஆர்ஐ' என இரண்டாகப் பிரியும். முகவரிகள் சிறியதாக இருக்கும் கச்சித அமைப்புக்கு மாற்றினால் அதே வரி ஒரே கட்டளையாகிவிடும். எண்ணைக் கூட்டும் 'ஆட்ஐ'யில் 16 பிட்டுக்குள் அடங்காத எண்ணைக் கொடுத்தால் பிழை என்று சொல்ல வேண்டாமா? சொல்லாது. சத்தமில்லாமல் மூன்று கட்டளைகளாக விரித்துவிடும். மூன்று ஆப்பரேண்ட் (கட்டளைக்குக் கொடுக்கும் ரெஜிஸ்டர் அல்லது எண்) கொண்ட வகுத்தல் கட்டளையான 'டிவ்' நான்காகும்: வகுக்கும் எண் பூஜ்யமா என்று பார்த்துத் தாவும் கிளைக் கட்டளை, நிரலை நிறுத்தும் 'பிரேக்', அசல் 'டிவ்', ஈவை எடுக்கும் 'எம்எஃப்எல்ஓ'. இரண்டு ஆப்பரேண்ட் 'டிவ்' எழுதினால் இந்தப் பூஜ்யச் சோதனை இல்லை. பூஜ்யத்தால் வகுத்தாலும் நிரல் நிற்காமல் ஓடும், விடை வர வேண்டிய ஹை, லோ ரெஜிஸ்டர்களில் பழைய மதிப்பே கிடக்கும்.

இப்படி விரிக்கும்போது இடைக்கால மதிப்பு வைக்க அசெம்ப்ளர் $ஏடி ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்ளும். நீங்களும் அதில் எதையாவது வைத்திருந்தால் போயிற்று, எச்சரிக்கைகூட வராது. '.செட்' வரி போட்டுத் தடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதை மார்ஸ் படிக்கும், கண்டுகொள்ளாது. அமைப்புகள் மெனுவில் சூடோ கட்டளை அனுமதியை நீக்கிவிட்டு ஒருமுறை அசெம்பிள் செய்து பாருங்கள். எங்கெல்லாம் பிழை வருகிறதோ அங்கெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் விரிவு நடந்துகொண்டிருந்தது என்று பொருள். கட்டளைவரியில் இதற்கு 'என்பி' என்ற சொல் போதும். மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் முதல் மாதம் முழுக்க இதை அணைத்தே வைப்பது நல்லது.

தாமதக் கிளை இன்னொரு கண்ணி. அசல் மிப்ஸில் கிளைக் கட்டளைக்கு அடுத்து இருக்கும் கட்டளை, கிளை தாவினாலும் நடந்தே தீரும். மார்ஸில் இது இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கியபின் அந்த இடத்தில் 'எல்ஏ' போன்ற இரட்டை விரிவை வைத்தால் முதல் பாதி மட்டும் நடக்கும், மறுபாதி நடக்காமலே தாவிவிடும். $ஏடியில் முகவரியின் மேல் 16 பிட் வந்திருக்கிறது, நீங்கள் கேட்ட ரெஜிஸ்டரில் பழைய மதிப்பே கிடக்கிறது என்று டிபக்கரில் பார்த்தால் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தொடக்கப் புள்ளியும் பலரைக் கவிழ்க்கும். நிரல் 'மெயின்' என்று பெயரிட்ட இடத்தில் (லேபிளில்) தொடங்காது, கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் பகுதியின் முதல் வரியில் தொடங்கும். துணைச்செயல்களை மேலே எழுதியிருந்தால் அவற்றில் முதலாவது ஓடி, அழைத்த இடத்துக்குத் திரும்பும் 'ஜேஆர்' வந்ததும், திரும்பும் முகவரி இருக்க வேண்டிய $ஆர்ஏ பூஜ்யமாக இருப்பதால் செல்லாத நிரல்முகவரி என்று விழும். '.குளோபல்' வரியில் மெயினை அறிவித்து, அமைப்புகளில் மெயினில் தொடங்கும் தெரிவையும் இயக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை. நிரல் முடியும்போது கீழே வரும் செய்தியையும் படியுங்கள். அடி விளிம்பில் விழுந்து முடிந்தது என்று சொன்னால், நிரலை முடிக்கும் 10ஆம் எண் சிஸ்காலை (சிமுலேட்டரிடம் ஒரு வேலை கேட்கும் அழைப்பு) விட்டுவிட்டீர்கள்.

டேட்டா பகுதியில் அடிக்கடி வருவது சீரமைப்புப் பிழை. '.வேர்டு' தன்னைத்தானே நான்கு பைட் எல்லைக்குத் தள்ளிக்கொள்ளும், வெற்றிடம் ஒதுக்கும் '.ஸ்பேஸ்' அப்படிச் செய்யாது. சரத்துக்கு (எழுத்துத் தொடர்) பின்னால் '.ஸ்பேஸ் 40' வைத்து, அதில் நான்கு பைட்டை ஒருசேர வாசிக்கும் 'எல்டபிள்யூ' செய்தால், சரத்தின் நீளத்தைப் பொறுத்து ஒருநாள் ஓடும், ஒருநாள் விழும். செய்தியில் ஒரு காற்புள்ளி சேர்த்ததும் நிரல் உடைகிறதென்றால் வேறெங்கும் தேட வேண்டாம். '.ஸ்பேஸ்' வரிக்கு முன்னால் '.அலைன் 2' போடுங்கள்.

பல கட்டளைகளை ஒரு பெயரில் தொகுக்கும் மேக்ரோ வசதி நன்றாக இருக்கிறது. ஆப்பரேண்ட் பெயருக்கு முன் சதவீதக் குறி, உள்ளே இருக்கும் லேபிள்கள் விரிவுக்கு விரிவு தனித்தனி. ஆனால் மாறிலிக்குப் பெயர் வைக்கும் '.ஈக்யூவி' வெறும் எழுத்துப் பதிலீடு. '10*4' என்று எழுதினால் கணக்குப் போடாது, பிழை காட்டும். 40 என்றே எழுத வேண்டும்.

தமிழ்ச் சரங்களை '.ஆஸ்கிஇசட்'டில் எழுதினால் கெட்டுப்போகும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்றே அசெம்ப்ளர் வைக்கிறது. 'அ'வின் யூனிகோட் எண்ணான 0பி85இல் கீழ் பைட்டான 85 மட்டும் தங்கும். யூடிஎஃப்-8 பைட்டுகளை '.பைட்' வரியில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, 15ஆம் சிஸ்காலால் கோப்பில் எழுதினால் பைட் மாறாமல் போய்ச் சேரும். அலுப்பான வேலைதான். கோப்பைத் திறக்கும் 13ஆம் சிஸ்காலுக்குச் சார்புப் பாதை கொடுத்தால் அது ஜாவா ஓடும் கோப்புறையிலிருந்து பார்க்கப்படும், உங்கள் நிரல் இருக்கும் இடத்திலிருந்து அல்ல.

மெமரியில் எழுதுவதைப் படமாகக் காட்டும் பிட்மேப் திரைக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ். இயல்பான தொடக்க முகவரி 10010000, அளவு 512க்கு 256. ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 5,24,288 பைட். உங்கள் டேட்டா பகுதி தொடங்குவதும் அதே 10010000தான்! படம் வரைய வரையச் சரங்களும் அட்டவணைகளும் அழியும். 10040000இல் தொடங்கும் ஹீப்பும் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) அந்த எல்லைக்குள் வந்துவிடும். சிறிய படம் போதுமென்றால் தொடக்கத்தை $ஜிபி ரெஜிஸ்டர் காட்டும் 10008000க்கு மாற்றி, புள்ளி அளவை 4க்கு 4 ஆக்குங்கள். 128க்கு 64 கட்டம், சரியாக 32,768 பைட், டேட்டா பகுதியைத் தொடும் இடத்தில் முடிந்துவிடும். முழுத் திரை வேண்டுமானால் தொடக்கத்தை ஹீப்புக்கு மாற்றி, நிரலின் முதல் வேலையாக 9ஆம் சிஸ்காலால் 5,24,288 பைட் கேட்டு வாங்குங்கள். வேறு எந்த ஒதுக்கீடும் அதற்கு முன் வரக்கூடாது. மிப்ஸோடு இணைக்கும் பொத்தானை அழுத்தாமல் ஓட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும். விசைப்பலகைக் கருவிக்கும் இதே விதி.

விரிவாக்கத்துக்கு வருவோம். மார்ஸை இன்னும் விடாமல் வைத்திருக்க எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான். சூடோ கட்டளை சேர்க்க ஜாவாவே தேவையில்லை. ஜாரைப் பிரித்தால் 'சூடோஆப்ஸ்' என்ற உரைக்கோப்பு கிடைக்கும். ஒரு வரியில் முதலில் மாதிரிக் கட்டளை, பிறகு டேப், பிறகு விரிவு வரிகள் டேப் பிரித்து. விரிவில் 'ஆர்ஜி1' என்றால் மாதிரியில் கட்டளைப் பெயருக்குப் பின் வரும் முதல் டோக்கனில் (துண்டில்) உள்ள ரெஜிஸ்டர். அடைப்புக்குறியும் ஒரு டோக்கனாக எண்ணப்படும். ஆகவே முதல் ரெஜிஸ்டருக்குப் பின் அடைப்புக்குள் இரண்டாவது ரெஜிஸ்டர் வந்தால் அது 'ஆர்ஜி3', 'ஆர்ஜி2' அல்ல. டேப்பை இடைவெளியாக மாற்றும் எடிட்டரில் இந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். திருத்திய கோப்பை ஜாருக்குள் திரும்ப வைத்தால் வேலை முடிந்தது. உதாரணமாக, மூன்று 'எக்ஸ்ஓஆர்' வைத்து இரு ரெஜிஸ்டர்களை இடம் மாற்றும் கட்டளை ஒரே வரியில் அடங்கும். இரண்டு ஆப்பரேண்டும் ஒரே ரெஜிஸ்டர் என்றால் அது பூஜ்யமாகிவிடும் என்பதை விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

புது அடிப்படைக் கட்டளை வேண்டுமென்றால் 'இன்ஸ்ட்ரக்‌ஷன்செட்' ஜாவா கோப்பில் ஒரு பதிவு. மாதிரி வரி, விளக்கம், வடிவ வகை, 32 பிட் மாஸ்க் (கட்டளையின் பிட்டுகள் எந்த வரிசையில் என்ற அச்சு), செயல்படுத்தும் நிரல். மாஸ்க்கில் எஃப், எஸ், டி என்ற எழுத்துகள் முறையே முதல், இரண்டாம், மூன்றாம் ஆப்பரேண்டைக் குறிக்கும். 'ஆர்டி', 'ஆர்எஸ்' என்று மிப்ஸ் கையேட்டு வழக்கத்தில் நினைத்துக்கொண்டு எழுதினால் ரெஜிஸ்டர்கள் இடம் மாறும். மாஸ்க் 32 பிட்டுக்குக் குறைந்தால் எச்சரிக்கை டெர்மினலில்தான் வரும், இரட்டைச் சொடுக்கில் திறந்தவர் கண்ணில் படாது. மாதிரி வரியில் எழுதும் எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. 10 என்று எழுதினால் ஆப்பரேண்ட் 0 முதல் 31 வரை மட்டும், -100 என்றால் குறியுள்ள 16 பிட். இதைக் கவனிக்காமல் 10 எழுதிவிட்டு, 50 கொடுத்தால் ஏன் மறுக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வழக்கம்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பைப்லைன் (ஒரு கட்டளை முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கும் முறை) நேரக் கணக்கும் இல்லை, ஒரு கட்டளை ஒரு படி. 4.5க்குப் பின் பெரிய மேம்பாடு இல்லாததால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதே நிரலிலிருந்து கிளைத்த, ரிஸ்க்-வி என்ற வேறு செயலி வகையின் கட்டளைகளை ஓட்டும் ரார்ஸை எடுக்கலாம். அதில் ஒவ்வொரு கட்டளையும் தனி ஜாவா கோப்பு. மிப்ஸ் பாடத்திட்டத்தில் இருப்பவர்களுக்கு மார்ஸே போதும், சூடோ அனுமதியை அணைத்து வைத்தால்.