மண்ணடி ஜகாத் கணக்கு உதவி மையம்: ஒரு மதிப்புரை

சென்னை மண்ணடியில் பள்ளிவாசல் ஒன்றை ஒட்டிய மாடி அறையில், ரமலான் மாதம் முழுவதும் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்குப் பின் ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம்கள் தம் செல்வத்திலிருந்து ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கு) கணக்குப் பார்த்துத் தருகிறார்கள். கட்டணம் கிடையாது. ஒரு ஆலிமும் (மார்க்க அறிஞர்), கணக்கர் ஒருவரும், எழுதி உதவ இரண்டு கல்லூரி மாணவர்களும் அமர்ந்திருப்பார்கள். பொறுப்பாளர்கள் விளம்பரத்தை விரும்பாததால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். எங்கள் கடைக் கணக்கையும் வீட்டு நகைக் கணக்கையும் அங்கேதான் பார்த்தோம். இப்படி ஒரு சேவை சென்னையில் ஒவ்வொரு மஹல்லாவிலும் (பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்புப் பகுதி) இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழியையும் தொழுகையையும் மதரசாவுக்குப் போகும் வயதிலேயே ஓதிப் பழகிவிடுகிறோம். நோன்பை வீடே சேர்ந்து நோற்பதால் அதன் சட்டங்கள் தானாகப் படிந்துவிடுகின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி இஹ்ராம் துணி உடுத்துவதுவரை காட்டிக் கொடுக்கிறார்கள். ஜகாத்தை மட்டும்தான் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. திருக்குர்ஆனில் தொழுகையோடு சேர்த்துத் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படும் கடமை இது. நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஜகாத் தர மறுத்தவர்களோடு போரிடவும் முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) துணிந்தார்கள். அத்தகைய கடமையை, ரமலானின் இருபத்தேழாம் இரவில் வாசலில் வந்து நிற்பவர்களுக்கு ஐம்பதும் நூறுமாகக் கொடுத்துவிட்டு, முடித்துவிட்டதாக நிம்மதி அடைபவர்கள் நம்மில் நிறையப் பேர். அது ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மம்; அதற்கும் நன்மை உண்டு. ஆனால் ஜகாத்துக்குக் கணக்கும் வேண்டும், நிய்யத்தும் (இது ஜகாத் என்ற மன உறுதியும்) வேண்டும்.

இந்த மையத்தின் சிறப்பு அவர்கள் தரும் படிவத்தின் முதல் வரியிலேயே தெரிகிறது. சொத்து எவ்வளவு என்று கேட்பதற்கு முன், நீங்கள் எந்த மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட மரபை) பின்பற்றுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்திலிருந்து வந்து தொழில் செய்யும் ஷாஃபி மத்ஹபினரும், உள்மாவட்டங்களிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பங்களும், உருது பேசும் ஹனஃபிகளும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் மண்ணடியில், இந்தக் கேள்வி இல்லாமல் போடப்படும் கணக்கு யாருக்கேனும் தவறாகத்தான் முடியும். பெண்கள் அணிவதற்காக வைத்திருக்கும் அளவான நகைக்கு ஷாஃபி மத்ஹபில் ஜகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உண்டு. கடைக்காரருக்குக் கடன் இருந்தால் ஹனஃபிகள் அதைக் கழித்துவிட்டு மீதிக்குக் கணக்கிடுவார்கள். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. கைப்பேசியில் கிடைக்கும் ஜகாத் கணிப்பான்களில் நான் பார்த்தவை இந்த வேறுபாட்டைக் கேட்காமலேயே ஒரு தொகையைக் காட்டிவிடுகின்றன.

இதை விளக்க ஒரு மாதிரிக் கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சரக்கின் இன்றைய விலை 6 லட்சம், கையிருப்பும் வங்கியிலும் சேர்த்து ஒன்றரை லட்சம், வர வேண்டிய நல்ல பாக்கி 50 ஆயிரம், மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 2 லட்சம். ஹனஃபி முறைப்படி, மொத்தம் 8 லட்சத்தில் கடனைக் கழித்து மீதி 6 லட்சத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம், 15 ஆயிரம் ரூபாய். ஷாஃபி முறைப்படி கடனைக் கழிக்காமல் 8 லட்சத்துக்கு 20 ஆயிரம் ரூபாய். எது சரி என்று ஹஜ்ரத், அதாவது அந்த ஆலிம், தீர்ப்புச் சொல்வதில்லை. அவரவர் மத்ஹபின் மஸ்அலாவை, அதாவது சட்டத்தை, விளக்கி, அதில் நிலையாக இருங்கள், தொகை குறைவாக வரும் பக்கம் தாவாதீர்கள் என்று மட்டும் சொல்கிறார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சரக்கை மதிப்பிடும் விஷயத்தில் கணக்கர் கறாராக இருக்கிறார். வாங்கிய விலையைச் சொன்னால் ஏற்பதில்லை. ஜகாத் கடமையாகும் நாளில் அந்தச் சரக்கு சந்தையில் என்ன விலை போகுமோ அதைத்தான் எழுதச் சொல்கிறார். விற்காமல் தேங்கிய பழைய சரக்கையும் விடக்கூடாது, குறைந்த விலைக்காவது எழுத வேண்டும். கடையின் அலமாரி, தராசு, மின்விசிறி, சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவை கணக்கில் வராது. போட்டு வரும் சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், இதுவரை கட்டிய தொகை வர வேண்டிய பணமாகச் சேரும். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் பற்றி உலமாக்களிடையே (மார்க்க அறிஞர்களிடையே) கருத்து வேறுபாடு இருப்பதால், அதைத் தனியாகக் குறித்து ஹஜ்ரத்திடம் அனுப்பிவிடுகிறார்கள்.

நகைக் கணக்குக்கு என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். நாங்கள் ஹனஃபி மத்ஹப். தங்கத்துக்கான நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) இங்குள்ள ஹனஃபி உலமாக்களின் கணக்கில் 87.48 கிராம், ஏறத்தாழ 11 பவுன். வெள்ளிக்கு 612.36 கிராம். படிவத்தில் இரண்டையும் அச்சிட்டு, தங்கத்தோடு பணமோ வெள்ளியோ சேர்ந்திருந்தால் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி வெள்ளியின் நிஸாபோடு ஒப்பிட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நகையும் கொஞ்சம் பணமும் வைத்திருக்கும் பல பெண்களுக்கு ஜகாத் கடமையாவது இந்த வகையில்தான். மாணவர் ஒருவர் சிறிய மின்தராசில் வளையல்களையும் சங்கிலியையும் வைத்து எடை குறித்தார்; கல் பதித்த நெக்லஸில் கல்லின் எடையைக் கழித்தார். செய்கூலியும் சேதாரமும் கணக்கில் இல்லை, தங்கத்துக்கு மட்டும்தான் விலை. 240 கிராம் வந்தது. அதற்குரியது 6 கிராம் தங்கம் அல்லது அதன் விலை.

அப்போது தாயார் ஹஜ்ரத்திடம், “என் மகன்தான் வருஷா வருஷம் கொடுக்கிறான் ஹஜ்ரத், அது போதும்தானே?” என்று கேட்டார்கள். “நகை யாருடையது அம்மா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். “என்னுடையதுதான்.” “அப்படியானால் கடமையும் உங்களுடையது. மகன் தன் பணத்திலிருந்து கொடுக்கலாம், ஆனால் உங்கள் சம்மதத்தோடு, உங்கள் சார்பாகக் கொடுக்க வேண்டும்.” பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது என்பதை இவ்வளவு சுருக்கமாகவும் மரியாதையாகவும் ஒரு ஆலிம் ஒரு பெண்ணிடம் நேரே சொல்லிக் கேட்டது மனதுக்கு நிறைவாக இருந்தது.

குறைகளும் உண்டு. நிஸாபை அடைந்த நாளிலிருந்து ஒரு சந்திர ஆண்டு நிறைவதைத்தான் ஹவ்ல் என்கிறோம்; அது ஒருவருக்கு முஹர்ரமிலும் இன்னொருவருக்கு ரஜபிலும் வரலாம். ஆனால் மையம் ரமலானில் மட்டுமே இயங்குவதால், ரமலான் முதல் நாளின் தங்க விலையை எல்லோருக்கும் பொதுவாகப் பலகையில் எழுதி வைத்துக் கணக்கிடுகிறார்கள். தங்கம் ஏறி இறங்கும் இந்தக் காலத்தில் இது திருத்தப்பட வேண்டிய பழக்கம். மார்ச் 31 அன்று வரிக் கணக்கோடு ஜகாத்தையும் சேர்த்து முடித்துக்கொள்ளும் வியாபாரிகளிடம், சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் 33 சூரிய ஆண்டுகளில் ஒரு முழு ஜகாத் தவறிப்போகும் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். படிவத்தின் தலைப்பிலேயே அதை அச்சிடலாம்.

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருப்பது நல்லது, ஆனால் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் நோன்பு திறக்கும் வேலை நெருக்கும் நேரம் அது. காலையில் வைத்தால் இன்னும் பலர் வருவார்கள். பங்குச் சந்தை, பரஸ்பர நிதி முதலீடுகள் பற்றிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த விளக்கம் போதுமானதாக இல்லை. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் கூட்டம் அதிகமாகி அவசரம் வந்துவிடுகிறது. முதல் பத்து நாட்களிலேயே போய்விடுவது நல்லது.

அவர்கள் பணம் வசூலிப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கு முடிந்ததும், திருக்குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் கூறும் எட்டு வகையினரை எளிய தமிழில் விளக்கும் தாள் ஒன்றைத் தருகிறார்கள்: ஏழைகள், வறியவர்கள், ஜகாத் பணியாளர்கள், உள்ளங்கள் ஈர்க்கப்பட வேண்டியவர்கள், அடிமைத்தளை நீக்கப்பட வேண்டியவர்கள், கடனாளிகள், அல்லாஹ்வின் பாதையில் உள்ளவர்கள், வழிப்போக்கர்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது, அவர்களைப் பராமரிப்பதே நம் கடமை. தேவையுள்ள உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்கலாம், அதில் உறவைப் பேணும் நன்மையும் சேரும். பள்ளிவாசல் கட்டட நிதிக்கு ஜகாத் பணத்தைத் தரக்கூடாது. இந்த மூன்றையும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வந்தர்களிடம் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே வழங்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸும் அதில் இருக்கிறது.

போகிறவர்கள் வங்கிக் கணக்குப் புத்தகம், சரக்குப் பட்டியல், தர வேண்டிய, வர வேண்டிய பாக்கிகளின் விவரம் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். நகையை இரவில் சுமந்து செல்லத் தயங்குபவர்கள், தெரிந்த நகைக்கடையில் எடை போட்டு எழுதிய சீட்டைக் கொண்டு போனாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். வாகனத்தை நிறுத்த அந்தத் தெருவில் இடம் கிடைக்காது. மண்ணடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்து செல்வதே வசதி.