வேட்டை இறைச்சியா, காட்டுக் கொட்டையா?

காட்டில் கிடைப்பதை உண்டே வாழ வேண்டுமானால், வயிற்றை நம்பி ஒப்படைக்கக் கொட்டைகளே மேல். 100 கிராம் காட்டுமுயல் இறைச்சியில் சுமார் 115 கலோரிதான். அதே எடை வால்நட் பருப்பில் 650. கொழுப்பில்லாத இறைச்சியை மட்டுமே வாரக்கணக்கில் தின்றால் கல்லீரலால் அவ்வளவு புரதத்தைச் சமாளிக்க முடியாது. வயிற்றுப்போக்கும் தளர்ச்சியும் வரும், எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது.

கொட்டையிலும் வேலை உண்டு. ஓக் மரக் கொட்டையில் டானின் என்னும் கசப்புப் பொருள் அதிகம். ஓட்டை உடைத்து, பருப்பை இடித்து, கசப்பு அறவே போகும்வரை குளிர்ந்த நீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே இருங்கள், நாள்கள் ஆனாலும். கொதிநீர் வேகமானது, ஆனால் மாவுப்பசை போய்விடும், அடை தட்டினால் உதிரும். துளை விழுந்தவற்றில் புழு இருக்கும், முதலிலேயே கழியுங்கள்.

இறைச்சிக்கோ அவகாசமே கிடையாது: குடலை உடனே எடுத்து, உடலைக் குளிரவையுங்கள். காட்டுப்பன்றி இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவையுங்கள். புகையூட்டலை நம்பாதீர்கள், இறைச்சியில் ஒட்டுண்ணியாக இருக்கும் டிரிக்கினெல்லா புழு அதில் தப்பிவிடும்.