ஓராண்டு உடனிருந்த சுருதிப் பெட்டி

மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை கர்நாடக இசை கற்கும் பிள்ளைகளின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு, என் சொந்தச் சாதகம் (பாட்டுப் பயிற்சி) மிஞ்சிய நேரத்து வேலையாகச் சுருங்கிவிட்டிருந்தது. அதை மீட்கவே சென்ற ஆண்டு, தம்பூராவும் தாளமும் ஒன்றாக அமைந்த கையடக்கமான மின்னணுச் சுருதிப் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

எனக்கென்று வைத்துக்கொண்ட இலக்கு ஒன்றுதான்: பைரவி ராகத்தில் அட தாளத்தில் அமைந்த வர்ணத்தை, இரண்டு காலங்களிலும் (வேகங்களிலும்) காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம், பிசகாமல் பாட வேண்டும். தாளத் தட்டை நிமிடத்துக்கு 50 என்று வைத்து, ஒரு வாரம் முழுவதும் சரியாக வந்த பிறகே 52க்கு உயர்த்தினேன். ‘இன்னும் நன்றாகப் பாட வேண்டும்’ என்று பல ஆண்டுகள் பொதுவாக நினைத்திருந்தபோது பிடிபடாத குறை, அதாவது வர்ணத்தின் ஸ்வரப் பகுதியான முக்தாயி ஸ்வரத்தில் என்னை அறியாமல் வேகமெடுத்து ஓடிவிடுவது, மூன்றாவது வாரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. பெட்டியின் தாளங்களில் ஆதியும் ரூபகமும் சாப்பு வகைகளும் உண்டு; அட தாளம் இல்லை. ஆகவே வெறும் தட்டை மட்டும் ஒலிக்கவிட்டு அட தாளத்தின் 14 அட்சரங்களையும் (எண்ணிக்கைகளையும்) கையால் போட வேண்டியிருந்தது. வாங்கியபோது பெருங்குறையாகப் பட்ட இதனால் என் லயம் உறுதிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

தம்பூராவின் நாதம் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் இனிமையாக இருக்கிறது. பஞ்சமம் (‘ப’) இல்லாத ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற ராகங்களுக்கு பஞ்சமத்துக்குப் பதில் மத்திமம் (‘ம’) ஒலிக்கும் மத்திம சுருதி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதிக்கு இறக்கினால் மந்தர ஷட்ஜம் (கீழ் ‘ஸ’) கரகரக்கிறது; ஆண் மாணவர்களுக்குத் தனி ஒலிபெருக்கி இணைத்தே பயன்படுத்துகிறேன். மின்கலம் மூன்று மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஆசிரியராக எனக்கு வைத்த இலக்கு வேறு: ஒவ்வொரு குழந்தையும் யாரும் எடுத்துக்கொடுக்காமல் தானே ஷட்ஜத்தில் சேர வேண்டும். தொடக்கத்தில் வகுப்பு முழுவதும் பெட்டியை ஒலிக்கவிட்டேன், அது தவறு. பிள்ளைகள் அதன்மீது சாய்ந்துகொண்டு பாடினார்களே தவிர, சுருதியை மனத்தில் வாங்கவில்லை. இப்போது வரிசையின் நடுவே அதை நிறுத்திவிட்டு, மேல் ஷட்ஜத்தை அடைந்ததும் மீண்டும் ஒலிக்கச் செய்கிறேன். விலகியிருந்தால் குழந்தைகளே முகம் சுளித்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

வீட்டுச் சாதகத்துக்கும் ஐந்தாறு பேர் கொண்ட வகுப்புக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம். மேடைக்கு இதன் ஒலி போதாது.